பதினெட்டு கிரெடிட்டில் தொடங்கிய தப்புக்கணக்கு

2019 ஆகஸ்டில் மகளைக் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு நியூ ஜெர்சி வீட்டுக்குத் திரும்பிய அன்று ராத்திரி, அவளுடைய முதல் செமஸ்டர் பாடப் பட்டியலைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயாலஜி 4, கெமிஸ்ட்ரி 4, கால்குலஸ் இரண்டாம் பாகம் 4, எழுத்துப் பயிற்சி 3, சைக்காலஜி 3. பாடத்தின் பக்கத்தில் உள்ள எண்தான் கிரெடிட், அதன் பளு. மொத்தம் 18 கிரெடிட். 15 போதும் என்றுதான் கல்லூரி ஆலோசகர் அவளிடம் சொல்லியிருந்தார். நான்தான் கேட்கவில்லை. எனக்கு ஒரு கம்பெனியில் கணக்கு வழக்குப் பார்க்கும் வேலை. 12 கிரெடிட் எடுத்தாலும் 18 எடுத்தாலும் அந்தக் கல்லூரியில் ஒரே கட்டணம் என்று தெரிந்ததும், "அப்போ 18 எடுத்துடு கண்ணு, மூணு கிரெடிட் சும்மா கிடைக்குதுல்ல" என்றேன். அவள் தலையாட்டினாள்.

அந்த மூன்று கிரெடிட்டுக்கு நாங்கள் கொடுத்த விலையைத்தான் இங்கே எழுதுகிறேன். இப்போது அவள் மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாள். ஆனால் வந்த வழி நேர்வழி இல்லை. பிள்ளை டாக்டராக வேண்டும் என்று நினைக்கும் நம் வீடுகளில் யாராவது ஒருவர் இதைப் படித்து ஒரு செமஸ்டரைக் காப்பாற்றிக்கொண்டாலும் எனக்கு நிம்மதி.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு மருத்துவம் சேர முடியாது. பள்ளியிலிருந்தே நேராக மருத்துவத்துக்கு இடம் தரும் இணைந்த படிப்புகள் சில உண்டு. நம் ஆட்கள் அதற்காக ஒன்பதாம் வகுப்பிலேயே ஓட ஆரம்பிக்கிறார்கள். இடங்கள் மிகக் குறைவு. மற்ற எல்லாரும் நாலு வருஷம் ஒரு பட்டம் முடித்து, எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதி, அதற்குப் பிறகுதான் நாலு வருஷ மருத்துவத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பட்டம் எந்தப் பாடத்திலும் இருக்கலாம். வரலாறு படித்தவர்களும் இசை படித்தவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். ஆனால் சில பாடங்கள் கட்டாயம். பயாலஜி ஒரு வருஷம், பொதுக் கெமிஸ்ட்ரி ஒரு வருஷம், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் ஒரு வருஷம், எல்லாவற்றுக்கும் லேப், பிறகு பயோகெமிஸ்ட்ரி, ஆங்கில எழுத்து. கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறும். 2015-ல் எம்கேட் மாறியதிலிருந்து சைக்காலஜியும் சோஷியாலஜியும் தேர்வில் ஒரு முழுப் பகுதி.

எங்கள் பட்டியலில் இருந்த கால்குலஸ் இரண்டாம் பாகத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் கணக்கில் கேட்பது ஒரு செமஸ்டர் கால்குலஸோ ஸ்டாட்டிஸ்டிக்ஸோதான். சில கல்லூரிகள் அதையும் கேட்பதில்லை. பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரத் தேர்வான ஏ.பி. கால்குலஸில் ஐந்துக்கு 5 வாங்கியிருந்தாள் என்ற ஒரே காரணத்துக்காக அடுத்த பாகத்தில் ஏற்றிவிட்டோம். டிசம்பரில் மதிப்பெண் வந்தது. கெமிஸ்ட்ரி சி பிளஸ், கால்குலஸ் பி மைனஸ், பயாலஜி பி.

முதல் வருஷ முடிவில் 30 கிரெடிட்டுக்கு அவள் ஜி.பி.ஏ., அதாவது நாலுக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி, 2.9. "இனிமே எடுத்துடலாம்" என்று எல்லாரும் சமாதானம் சொன்னார்கள். நான் நீல அட்டை நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மீதி 90 கிரெடிட்டிலும் 3.85 எடுத்தால்கூட பட்டம் முடியும்போது 3.61-தான் வரும். எம்.டி. கல்லூரிகளில் (இங்கே எம்.டி.தான் அடிப்படை மருத்துவப் பட்டம், ஊர் எம்.பி.பி.எஸ். மாதிரி) சேருகிறவர்களின் சராசரியோ 3.8-ஐ ஒட்டி இருக்கிறது. அந்த ஒரு வருஷம் கடைசி வரைக்கும் கூடவே வரும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. எம்.டி. விண்ணப்பத்தில் பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், கணக்கு நாலுக்கும் மட்டும் தனி ஜி.பி.ஏ. வேறு போடுகிறார்கள். மறுபடி எழுதித் தேறினாலும் பழைய மதிப்பெண் அழியாது, இரண்டும் கணக்கில் சேரும்.

இரண்டாம் வருஷம் கொரோனா. பெட்டி படுக்கையோடு வீட்டுக்கு வந்திருந்தாள். 2020 இலையுதிர் செமஸ்டரில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி முழுக்க ஆன்லைனில். மேசையில் எப்போதும் அந்த மாலிக்யூல் மாடல் பெட்டி திறந்து கிடக்கும். கறுப்பு உருண்டை கார்பன், வெள்ளை ஹைட்ரஜன், சிவப்பு ஆக்சிஜன், நடுவில் செருகப் பிளாஸ்டிக் குச்சிகள். ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்குத் தண்ணீர் குடிக்க வந்தவள், இரண்டு உருவங்களைச் செய்து இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மா, இது ரெண்டும் ஒண்ணா வேறயா சொல்லு" என்றாள். எனக்கு ஒன்றாகத்தான் தெரிந்தது. "வேற. கண்ணாடில பார்க்கிற மாதிரி. மூணு வாரமா எனக்கு இது மட்டும் புரியல" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

மறுநாள் கடைசித் தேதி பார்த்து அந்தப் பாடத்திலிருந்து விலகினாள். மார்க் ஷீட்டில் 'டபிள்யூ' என்று விழும். அந்த எழுத்தைப் பார்த்து நாங்கள் பயந்த பயம் கொஞ்சமில்லை. ஆனால் ஆறு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், அவள் எடுத்த முடிவுகளிலேயே நல்ல முடிவு அதுதான். ஒரே ஒரு டபிள்யூவுக்கு விளக்கம் சொல்லிவிடலாம். நேர்முகத்தில் அவளிடம் ஒரே ஒருவர்தான் அதைக் கேட்டார். இன்னொரு சி விழுந்திருந்தால் அது ஜி.பி.ஏ.வைத் தின்றிருக்கும். விலகுவதற்குக் கடைசித் தேதி என்ன என்பதை ஒவ்வொரு செமஸ்டர் ஆரம்பத்திலும் காலண்டரில் எழுதி வையுங்கள். அதே ஆர்கானிக்கை அடுத்த வருஷம், நேரில், கூட ஒரே ஒரு லேப் பாடத்தோடு மட்டும் எடுத்தாள். வாராவாரம் பேராசிரியரின் ஆபீஸ் ஹவருக்கு, அதாவது மாணவர்கள் நேரில் போய்ச் சந்தேகம் கேட்கும் நேரத்துக்கு, போனாள். ஏ மைனஸ் வந்தது. பின்னால் சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்தவரும் அதே பேராசிரியர்தான். வகுப்பில் முந்நூறு பேர் இருக்கும் இடத்தில் உங்கள் பிள்ளையின் முகம் ஒருவருக்குத் தெரிய அந்த ஒரு மணி நேரத்தை விட்டால் வேறு வழி இல்லை.

அதிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டோம். ஒரு செமஸ்டரில் கடினமான அறிவியல் பாடம் இரண்டுக்கு மேல் கூடாது. மேஜரையும், அதாவது பட்டத்தின் முதன்மைப் பாடத்தையும், பயாலஜியிலிருந்து பப்ளிக் ஹெல்த்துக்கு மாற்றிக்கொண்டாள். எனக்கு முதலில் அது பிடிக்கவில்லை. ஆனால் கட்டாயப் பாடங்களை இரண்டு கோடைகாலத்துக்கும் பரப்பி எடுக்க இடம் கிடைத்தது அதனால்தான். ஸ்டாட்டிஸ்டிக்ஸைக் கோடையில் மாவட்டக் கம்யூனிட்டி கல்லூரியில், அதாவது உள்ளூர் இரண்டு வருஷக் கல்லூரியில், எடுத்தாள், கட்டணம் அங்கே மிகவும் குறைவு. கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் மாதிரி முக்கியப் பாடங்களைத் தன் கல்லூரியிலேயே வைத்துக்கொண்டாள். நாலு வருஷக் கல்லூரியில் படித்துக்கொண்டே கடினமானதை மட்டும் வெளியே எடுத்தால் சில மருத்துவக் கல்லூரிகள் புருவத்தை உயர்த்தும்.

பணத்துக்கு வருகிறேன். 2019-ல் அவளுக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தது. ஒன்று பாஸ்டன் பக்கம் பெயர் பெற்ற தனியார் பல்கலைக்கழகம், விடுதியோடு ஆண்டுக்கு 73 ஆயிரம் டாலர். இன்னொன்று எங்கள் மாநிலப் பல்கலைக்கழகம், சின்ன உதவித்தொகை போக 28 ஆயிரம். நாலு வருஷத்தில் வித்தியாசம் ஒரு லட்சத்து எண்பதாயிரம். தெரிந்தவர்கள் எல்லாரும் பாஸ்டன் என்றார்கள். நாங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தை எடுத்ததற்குத் தொலைநோக்கெல்லாம் காரணம் இல்லை. அப்போது எங்களிடம் கிரீன் கார்டு இல்லை.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எச்-1பி வேலை விசாவில் வந்த வீடுகளில் பலருக்கு இது கடைசி நிமிஷத்தில்தான் தெரிகிறது. மகள் ஆறு வயதில் வந்தவள், படித்தது முழுக்க இங்கே. ஆனாலும் எச்-1பி காரரின் குடும்பத்தாருக்குத் தரும் எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு அரசாங்கக் கல்விக் கடனோ உதவித்தொகையோ கிடையாது. சம்பளத்துக்கு வேலை செய்யவும் முடியாது. 2015-ல் எச்-4 காரர்களுக்கு வேலை அனுமதி வந்தது மனைவி அல்லது கணவருக்கு மட்டும்தான். நான் வேலைக்குப் போனது அப்படித்தான். பிள்ளைகளுக்கு அது கிடையாது. முதல் வருஷம் ஒரு ஆய்வுக்கூடத்தில் வாரம் பத்து மணி நேரச் சம்பள வேலை கொடுத்தார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டு சும்மாவே போய் வேலை பார்த்தாள். 21 வயதானால் எச்-4-ம் போய்விடும். அதற்குப் பிறகு மாணவர் விசா. அந்த விசாவில் இருப்பவர்களை எடுக்கும் மருத்துவக் கல்லூரிகள் குறைவு. எடுப்பவற்றிலும் சில, ஒரு வருஷத்திலிருந்து நாலு வருஷம் வரையான கட்டணத்தை முன்கூட்டியே கட்டிவைக்கச் சொல்கின்றன.

எங்கள் பிரையாரிட்டி டேட், அதாவது கிரீன் கார்டு வரிசையில் இடம் பிடித்த தேதி, 2011. 2021 கடைசியில் கார்டு கைக்கு வந்தது, அவளுக்கு 21 ஆக நாலு மாசம் இருந்தபோது. உறையைப் பிரித்தவுடன் இவர் ஒன்றும் பேசாமல் மாடிக்குப் போய்விட்டார். அரை மணி நேரம் கழித்துத்தான் கீழே வந்தார்.

கார்டு வந்த உடனே அரசு உதவிக்கு விண்ணப்பித்தோம். எங்கள் சம்பளத்துக்கு இலவசப் பணம் ஒரு காசு வரவில்லை. ஆண்டுக்கு 7,500 டாலர் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று வந்தது. வாங்கவில்லை. மாநிலப் பல்கலைக்கழகம் என்பதால் அது இல்லாமலேயே சமாளித்தோம். 529 என்ற படிப்புச் சேமிப்புக் கணக்கில் போட்டு வைத்திருந்ததில் 61 ஆயிரம் மிச்சமும் இருந்தது. அந்தக் கணக்கிலிருந்து மருத்துவக் கல்லூரிக்கும் எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பாஸ்டன் போயிருந்தால் அது முழுக்கக் கரைந்து, மேலே கடனும் சேர்ந்திருக்கும். மருத்துவக் கல்லூரியில் சேர்க்கையை முடிவு செய்பவர்கள் முதலில் பார்ப்பது ஜி.பி.ஏ.வும் எம்கேட்டும். எந்தக் கல்லூரி என்பது அதற்கு ரொம்பப் பின்னால்.

பட்டம் 2023 மே. நேராக விண்ணப்பிக்கும் நிலையில் அவள் இல்லை. அந்த முதல் வருஷ ஓட்டையை அடைக்க இரண்டு வருஷ இடைவெளி தேவைப்பட்டது. ஊரில் மாமியார் போனில், "இருபத்திரண்டு வயசாச்சு, இன்னும் சேரவே இல்லையா?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். ஆனால் இங்கே மருத்துவம் சேர்பவர்களின் சராசரி வயதே 24-ஐ ஒட்டித்தான். அந்த இரண்டு வருஷமும் வீட்டிலிருந்தே வேலைக்குப் போனாள். முதல் ஆறு மாசம் ஒரு கிளினிக்கில் ஸ்க்ரைப், அதாவது டாக்டர் நோயாளியிடம் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் வேலை, மணிக்கு 16 டாலர். பிறகு ஒரு ஆய்வுக் குழுவில் ஒருங்கிணைப்பாளர். 30 ஆயிரம் டாலர் சேர்த்தாள். சனிக்கிழமைகளில் எங்கள் ஊர்த் தன்னார்வ ஆம்புலன்ஸ் குழுவோடு போவாள். அதற்கான ஈ.எம்.டி. என்ற அவசர மருத்துவ உதவிப் பயிற்சியின் செலவைக் குழுவே பார்த்துக்கொண்டது. ஒரு தாத்தாவுக்கு நெஞ்சுவலி என்று போய் வந்த அன்று, ரசம் சோறைப் பிசைந்துகொண்டே, "அவர் என் கையை விடவே இல்லம்மா" என்றாள். அதைத்தான் பின்னால் விண்ணப்பக் கட்டுரையில் எழுதினாள்.

எம்கேட்டில் செய்த தப்பு அவசரம். ஏழரை மணி நேரத் தேர்வு, 230 கேள்வி, மதிப்பெண் 472-லிருந்து 528 வரை. மாதிரித் தேர்வுகளில் 504, 505 என்று வந்துகொண்டிருந்தபோதே, தேதி போட்டாச்சு என்று 2023 ஆகஸ்டில் போய் எழுதினாள். 503. எழுதிய எல்லாத் தேர்வின் மதிப்பெண்ணும் கல்லூரிக்குப் போகும், வாழ்நாளில் ஏழு முறைதான் எழுதலாம். தேர்வை நடத்தும் அமைப்பே விற்கும் மாதிரித் தேர்வுகளில் மூன்று தொடர்ந்து நம் இலக்கைத் தொட்டால்தான் போக வேண்டும் என்று அடுத்த முறை முடிவு செய்தாள். தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து, வேலைக்குப் போகுமுன் இரண்டு மணி நேரம். 2024 ஏப்ரலில் 513. பயிற்சி வகுப்புக்கு இரண்டாயிரம் மூவாயிரம் கொடுக்கவில்லை. கேள்வி வங்கி ஒன்று, மனப்பாடம் செய்ய உதவும் ஆங்கி செயலியின் அட்டைகள், கான் அகாடமியின் இலவச வீடியோக்கள், அவ்வளவுதான்.

விண்ணப்பச் செலவை நோட்டிலிருந்து அப்படியே எடுத்துத் தருகிறேன். எம்கேட் இரண்டு முறை 660. கேள்வி வங்கியும் மாதிரித் தேர்வும் 700. எம்.டி. கல்லூரி 18-க்கு விண்ணப்பம் 957, டி.ஓ. என்ற இன்னொரு வகை மருத்துவப் பட்டம் தரும் கல்லூரி ஆறுக்கு 500. முதல் விண்ணப்பம் போனதும் கல்லூரிகள் இரண்டாவது கட்டுரைகள் கேட்கும், அதற்கு ஒவ்வொன்றும் நூறு டாலர் அளவில் கட்டணம். 21 கல்லூரிக்கு 2,050. ஒரு சூழ்நிலையில் எப்படி நடந்துகொள்வோம் என்று பார்க்கும் தேர்வு 90, மார்க் ஷீட் அனுப்ப 60, நேர்முகத்துக்குக் கோட் 180. கொரோனாவுக்குப் பிறகு நேர்முகங்கள் பெரும்பாலும் ஆன்லைனில் என்பதால் விமானச் செலவு இல்லை. அக்டோபரில் ஒரு டி.ஓ. கல்லூரியில் இடம் கிடைத்து, அதைப் பிடித்து வைக்க 2,000 கட்டினோம். மார்ச்சில் எங்கள் மாநிலத்து எம்.டி. கல்லூரியில் இடம் வந்ததும் அந்த இரண்டாயிரம் போய்விட்டது. மொத்தம் 7,200 டாலரை ஒட்டி. இந்தப் பணத்தை இரண்டாம் வருஷத்திலிருந்தே தனியாக எடுத்து வையுங்கள். வருமானம் குறைவான வீடுகளுக்குக் கட்டணச் சலுகைத் திட்டம் இருக்கிறது. எம்கேட் கட்டணம் குறையும், இருபது கல்லூரி வரை எம்.டி. விண்ணப்பம் இலவசம். ஆனால் விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும், கட்டிய பணம் திரும்பி வராது.

டி.ஓ. பற்றி ஒரு வார்த்தை. நம் ஆட்களில் சிலர் அந்தப் பெயரைக் கேட்டாலே உதட்டைப் பிதுக்குகிறார்கள். அவர்களும் முழு மருத்துவர்கள்தான், பட்டத்துக்குப் பிறகான மருத்துவமனைப் பயிற்சியான அதே ரெசிடென்சிக்குத்தான் போகிறார்கள், அறுவை சிகிச்சையும் செய்கிறார்கள். அந்த அக்டோபர் கடிதம் வந்த ராத்திரிதான் மகள் ஒரு வருஷத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள். அது எனக்குப் போதும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் எங்களுக்கு மூன்று வாரத்தைத் தின்றது. பதினொன்றாம் வகுப்பில் பள்ளி மூலமாக ஒரு கல்லூரிப் பாடம் எடுத்திருந்தாள். அதன் மார்க் ஷீட்டையும் அனுப்ப வேண்டும் என்பதை மறந்துவிட்டாள். விண்ணப்பங்களை மொத்தமாக வாங்கிக் கல்லூரிகளுக்கு அனுப்பும் அமைப்பில் சரிபார்ப்பு நின்றுபோனது. ஜூன் முதல் வாரம் அனுப்பியும் ஆகஸ்டில்தான் கல்லூரிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. எந்தக் கல்லூரியில் ஒரே ஒரு பாடம் படித்திருந்தாலும் அங்கிருந்து மார்க் ஷீட் வர வேண்டும். விண்ணப்பங்கள் வருகிற வரிசையில் இடங்கள் நிரம்பிக்கொண்டே போகும் என்பதால் இந்தத் தாமதம் சாதாரணமில்லை.

மருத்துவக் கல்லூரிக்கான கடன் விதி இப்போது மாறிவிட்டது, இதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். முன்பெல்லாம் கல்லூரி சொல்லும் மொத்தச் செலவுக்கும் அரசுக் கடன் கிடைக்கும்; வழக்கமான கடன் போதாவிட்டால் கிராட் பிளஸ் என்று இன்னொன்று இருந்தது. 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு கிராட் பிளஸ் கிடையாது. மருத்துவ மாணவருக்கு ஆண்டுக்கு 50 ஆயிரம், மொத்தம் இரண்டு லட்சம் டாலர், அவ்வளவுதான் அரசுக் கடன். தனியார் கல்லூரிகள் பலவற்றில் தங்கல், சாப்பாடு, காப்பீடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 90 ஆயிரத்தைத் தாண்டுகிறது. மீதி 40 ஆயிரத்துக்குத் தனியார் வங்கிக் கடன்தான், பெற்றோர் கையெழுத்தோடு. 2025 ஆகஸ்டில் சேர்ந்த மகள் வாங்கிய அரசுக் கடனுக்கே வட்டி 7.94 சதவீதம். படிக்கும்போதே வட்டி ஏறிக்கொண்டிருக்கும். இரண்டு லட்சம் கடனுக்கு அந்த வட்டி மட்டும் மாதம் 1,300 டாலருக்கு மேல்.

இலவசமாகப் படிக்கலாமே என்று கேட்பார்கள். என்.ஒய்.யூ. கிராஸ்மன் 2018-லிருந்து எல்லாருக்கும் கல்விக் கட்டணத்தை எடுத்துவிட்டது, பிராங்க்ஸில் உள்ள ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் கல்லூரி 2024-ல் எடுத்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் குடும்ப வருமானம் மூன்று லட்சத்துக்குக் கீழ் இருந்தால் கட்டணம் இல்லை. அவையெல்லாம் இடம் கிடைப்பதற்கு மிகக் கடினமான கல்லூரிகள். விண்ணப்பம் போடலாம், அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. ராணுவ உதவித்தொகை, மருத்துவர் இல்லாத ஊர்களில் வேலை செய்வதாக ஒப்புக்கொண்டு வாங்கும் உதவித்தொகை இரண்டும் குடியுரிமை பெற்றவர்களுக்கு மட்டும். கிரீன் கார்டு போதாது.

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெரு மதுரைக்கார அக்கா தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். இந்த இலையுதிர் காலத்தில் கல்லூரி சேருகிறான், மருத்துவம்தான் என்கிறான். புதுக் கடன் விதி இவனுக்குத்தான் பொருந்தும். அக்கா ஒரு தாளை நீட்டினார், பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், கால்குலஸ், எழுத்துப் பயிற்சி. "பதினெட்டுக்கும் ஒரே ஃபீஸ்தானாம்ல" என்றார்.

நோட்டில் மகளின் முதல் வருஷப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு புதிய தாளில் நான் எழுதினேன். கெமிஸ்ட்ரி லேபோடு 5, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் 3, எழுத்துப் பயிற்சி 3. பையன் மெதுவாக, "ஆன்ட்டி, ஹிஸ்டரி ஒண்ணு எடுத்துக்கலாமா? எனக்குப் பிடிக்கும்" என்றான். அக்காவைப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாலாவது வரியில் ஹிஸ்டரி 3 என்று எழுதி, கீழே கோடு போட்டுக் கூட்டினேன். பதினான்கு.